பழக்குதலும் பழகுதலும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரால் வருந்துவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கின்றோம். அவ்வள்ளன்மையைப் பழம்புலவர் ‘கொடைமடம்’ என்னும் சொல்லால் குறித்தனர், பாராட்டாகவே குறித்தனர். ஆயினும், அம்மயிலுக்குப் போர்வை வேண்டியிருந்ததா என்று எவரேனும் கேட்டால் அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. அன்பு மட்டும் அமையுமா? அன்பு செய்யப்படும் உயிரின் இயல்பை அறிதலும் அவ்வன்பின் கடமையா? நாய்க்குட்டி ஒன்றையோ பூனைக்குட்டி ஒன்றையோ இல்லத்திற்குக் கொண்டுவரும் அன்றே இவ்வினா நம் வாயிற்படியில் வந்து நிற்கின்றது.

“இரண்டு நாளில் பழக்கிவிடலாம்” என்பது அப்போது நாம் வழக்கமாகச் சொல்லும் சொல். பழகுதல் தன்வினை, பழக்குதல் பிறவினை. இலக்கணத்தில் ஓர் ஒற்றெழுத்தின் வேறுபாடுதான். வாழ்க்கையிலோ அது பெரிய வேறுபாடு. பழக்குகின்றவன் மாறுவதில்லை, பழகுகின்ற இருவரும் மாறுகின்றனர்.

வந்த முதல் நாளன்று நாம் செய்வன யாவை? குட்டியைக் குளிப்பாட்டுகின்றோம், அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டுகின்றோம், பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குகின்றனர், ஆளுக்கொரு பெயரிட்டு அழைக்கின்றனர். அனைத்தும் அன்பே, ஐயமில்லை. ஆனால் அது பேகனின் போர்வை. தாயின் வெம்மையையும் உடன்பிறந்த குட்டிகளின் மணத்தையும் அன்றுதான் இழந்துவந்த உயிருக்கு வேண்டுவது ஆரவாரமன்று. ஒதுங்க ஒரு மூலை. பழைய சாக்கு ஒன்று, நாள்தோறும் ஒரே வேளையில் உணவு, எட்டும் இடத்தில் தண்ணீர், தானாக வந்து நம் கையை முகர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கும் பொறுமை ஆகியவையே போதும். நாய் உலகை மூக்கினால் அறிவது. தாய் கிடந்த இடத்துத் துணித்துண்டு ஒன்றை உடன் கொண்டுவந்தால் முதலிரவின் அழுகை பெரிதும் குறையும். பூனைக்கோ வீடு முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடுதல் தகாது. முதலில் ஓர் அறை போதும். கட்டிலடியில் அது ஒளிந்தால் இழுத்து வெளியே விடுதல் அன்பாகாது. தகரக் கூரையின்மேல் அந்தமான் மழை விழும் ஓசை நமக்கே முதலாண்டில் அச்சமூட்டியதன்றோ? கடல் கடந்து வந்து, புதிய ஊரின் முதலிரவில் உறங்காமல் கிடந்தவர்கள் நாம். நமக்கு இது விளங்காதிருக்க நியாயமில்லை.

எண்ணிப் பார்த்தால், இத்தீவுகளில் நாயே ஒரு குடியேறிதான். 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியிருப்பை நிறுவுவதற்குமுன் அந்தமான் பழங்குடியினரிடம் நாய் இருந்ததில்லை. அதன்பின் வந்த நாயை அவர்கள் விரும்பி ஏற்றனர்; காட்டுப்பன்றி வேட்டையில் அது அவர்களுக்குத் துணையாயிற்று. எல்லா உயிரும் இவ்வாறு வீட்டுக்கு வரத்தக்கதன்று என்பதையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். நம் காட்டுக் கிளிகளைக் கூண்டிலிடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பறக்கும் உயிரைக் கூண்டில் வைத்தபின் அது பழகினால் என்ன, பழகாவிட்டால் என்ன?

இனி, நம்மில் பலரைச் சுடக்கூடிய கேள்விக்கு வருவோம். மாற்றல் ஆணையின்மேல் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. இரண்டு மூன்று ஆண்டுகளில் கப்பலேறிவிடப் போகின்றவர் ஓர் உயிரை ‘இது உன் வீடு’ என்று நம்பவைக்கலாமா?

மாயாபந்தருக்கு மேற்கேயுள்ள இன்டர்வியூ தீவின் வரலாறு இதற்கு ஓர் உரைகல். மரம் இழுப்பதற்காகப் பெருநிலத்திலிருந்து கப்பலில் கொணரப்பட்ட பழகிய யானைகள், 1960-களின் தொடக்கத்தில் தனியார் மரத்தொழில் நிறுவனமொன்று நொடித்தபோது அங்கே கைவிடப்பட்டன. அவை காட்டு யானைகளாகிப் பெருகின. அவற்றால் அத்தீவின் மரங்களுக்கு நேர்ந்த சேதத்தை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். யானைக்கேனும் காடு இருந்தது. பூட்டிய அரசுக் குடியிருப்பின் முன்னே படுத்திருக்கும் நாய்க்கு அதுவும் இல்லை. மனிதரை நம்பவே அது பழகியிருக்கின்றது. அந்நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் நாம்.

அவ்வாறாயின் மாற்றலுக்குரியவர் எவரும் எவ்வுயிரையும் வளர்க்கலாகாதா? அவ்வளவு கடுமையாக நான் தீர்ப்புரைக்கமாட்டேன். குட்டியைக் கொணருமுன்பே, ‘நாம் செல்லும்போது உடன் கொண்டு செல்வோமா, யாரிடம் ஒப்படைப்போம்’ என்பதைக் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்தல் வேண்டும். ஒப்படைப்பதாயின் கடைசி வாரத்தில் அன்று. சில மாதங்களுக்கு முன்பிருந்தே அவ்வில்லத்தாரின் கையால் அது உண்ணத் தொடங்கட்டும். போகும்போது அதன் பழைய சாக்கும் தட்டும் உடன் போகட்டும்.

மற்றொரு வழியும் உண்டு. எனக்கு அதுவே சிறந்ததாகத் தோன்றுகின்றது. புதிய குடியிருப்புக்கு நாம் பெட்டி படுக்கையுடன் சென்று இறங்கும்போது, முன்பிருந்தவர் விட்டுச்சென்ற நாய் படியில் படுத்திருப்பது இங்கே அரிய காட்சியன்று. அதனைத் துரத்திவிட்டுச் சில நாளில் கடைத்தெருவில் ஒரு குட்டியைத் தேடுவோர் உளர். அவ்வீட்டின் சுவர்களையும் மழையையும் தெருவோசைகளையும் அந்த நாய் நன்கறியும். வந்தவர்கள் நாம், இருப்பது அது. சோற்றுத் தட்டை எட்ட வைத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்தால், நம்மோடு பழகலாமா என்று அது மெல்ல முடிவு செய்துகொள்ளும்.