தோற்றுக் கொடுத்தல்

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஸ்தல புராணங்கள் இரண்டு விளையாட்டுகளைச் சொல்கின்றன. இரண்டிலும் ஆடியவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இரண்டிலும் ஆட்டம் முடிந்தபின் இடம் பெயர வேண்டியிருந்தது பெண்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் சொல்வது இது. சிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடினார்கள். வெற்றி யாருக்கு என்று பேச்சு எழுந்தது. தேவி அவர் கண்களைப் பொத்தினாள். உலகம் இருண்டுவிட்டது. குற்றம் தீர அவள் பூமிக்கு வந்து தலம் தலமாக வழிபட்டு, கடைசியில் ஒரு பாதிரி மரத்தடியில் தவமிருந்தாள். சொக்கட்டானில் யார் வென்றார் என்பதைப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

சிதம்பரத்துக் கதை இன்னும் தெரிந்தது. தில்லையில் காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடினார்கள். அவர் செய்ததையெல்லாம் அவளும் செய்தாள். கடைசியில் அவர் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கினார். அவள் தூக்கவில்லை. தோற்றவள் ஊர் எல்லைக்குப் போனாள். நடராஜர் கோயில் நிருத்த சபையில் அந்த ஊர்த்துவ தாண்டவம் இருக்கிறது. வடக்கே, ஊர் முடிகிற இடத்தில், தில்லைக்காளி கோயில் இருக்கிறது.

நடனப் போட்டியின் விதியில் காலைத் தூக்கக் கூடாது என்று இல்லை. தூக்க அவளுக்குத் தெரியாது என்றும் கதை சொல்லவில்லை. நாணம் என்கிறது. அதாவது, ஆட்டத்துக்கு வெளியே அவளுக்கு மட்டுமாக ஒரு விதி இருந்தது. அந்த விதியில்தான் அவள் தோற்றாள். இது அவருக்குத் தெரியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. தெரிந்துதான் தூக்கினார். பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தத்துவார்த்தம் பேசவில்லை, ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

இருபது வருஷங்களுக்கு முன் சிதம்பரம் கீழவீதியில் ஒரு மாடியறையில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் சீட்டு ஆடுவோம். காசு வைப்பதில்லை. ஆட்டம் 304. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு ஜாதியும் சேர்ந்தால் 304. ஒரு ஒன்பதுக்கு முன்னால் ராஜாவும் ராணியும் நிற்க முடியாத இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

நண்பன் ஒருவன் கல்யாணமானபின் மனைவியை அழைத்துவந்தான். அவள் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடினாள். எது விழுந்தது, எது யார் கையில் மிச்சம் என்று கடைசிச் சீட்டுவரை அவளுக்கு நினைவிருக்கும். முதலில் கணவனும் மனைவியும் கூட்டாளிகள். அது சரிப்படவில்லை. முகத்தைப் பார்த்தே சீட்டைத் தெரிந்துகொள்கிறார்கள் என்று முணுமுணுப்பு. (அன்யோன்யம் ஒருவகைக் கள்ள ஆட்டம்தானா என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம்.) பிரித்து உட்கார வைத்தோம். அவள் எனக்குக் கூட்டாளி. வாராவாரம் நாங்களே ஜெயித்தோம். ஒருநாள் அவன் கேட்ட 200ஐ அவள் உடைத்தபோது, "வீட்டிலயும் துருப்பு அவங்க கையிலதானா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. கேட்டவன் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை அவன் மறுபடி 200 கேட்டான். கிளாவரில் ஜாக்கி போய்விட்டிருந்தது. அவன் ஆசை இறக்கினான். அவள் எட்டைப் போட்டாள். இரண்டு சுற்றுக் கழித்து, அவன் பிடித்த வேறொரு ஜாதியின் கீழே, சத்தமில்லாமல் கிளாவர் ஒன்பதைக் கழித்தாள். ஆசை வெட்டியிருக்க வேண்டிய சீட்டு. 20 புள்ளியோடு அவன் பக்கம் போயிற்று. கேட்டதை அவன் தாண்டினான். அறையில் ஒரே சத்தம். வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன்.

அவள் விதியை மீறவில்லை. கேட்ட ஜாதியைப் போட்டாயிற்று; பெரியதைத்தான் போட வேண்டும் என்று விதி இல்லை. ஹோய்ஸிங்கா 1938இல் எழுதிய 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் இரண்டு பேரைப் பிரிக்கிறார். ஏமாற்றுகிறவன் ஆட்டத்தை ஒப்புக்கொள்வதுபோல் நடிக்கிறான், அதனால் அவனைச் சமூகம் ஓரளவு மன்னிக்கும். ஆட்டத்தைக் கலைக்கிறவன் அந்த உலகத்தையே உடைக்கிறான், அவனை மன்னிக்காது. இரண்டு பெயரும் அவளுக்குப் பொருந்தாது. ஏமாற்றுகிறவன் ஜெயிக்க ஏமாற்றுகிறான். இவள் ஆட்டம் கலையக் கூடாது என்று தோற்றாள். ஆட்டம் என்று நான் சொல்வது சீட்டாட்டத்தை மட்டுமல்ல.

ஊடலில் தோற்றவரே வென்றவர் என்று வள்ளுவர் சொன்னதை இங்கே கொண்டுவரலாம். வந்து பயனில்லை. ஊடலில் தோற்பது இருவருக்கும் தெரிந்த தோல்வி. அந்தத் தெரிதலில்தான் இன்பம். இங்கே அவனுக்குத் தெரியாது. பெறுகிறவனுக்குத் தெரியாமல் கொடுக்கும் இந்தத் தானத்தில் அவன் என்னவாகிறான்? தாயம் ஆடும்போது குழந்தையிடம் தோற்றுக் கொடுக்கிறோம். அதைக் கண்டுபிடிக்கும் நாளில் குழந்தை அழுகிறது. தோற்ற நாளில்கூட அப்படி அழுததில்லை. அவள் அன்பினால் செய்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அன்புக்குள் அவனைப் பற்றிய ஒரு மதிப்பீடும் இருந்தது: இவன் தோல்வியைத் தாங்கமாட்டான். மதிப்பீடு சரியாகவும் இருக்கலாம்.

அப்புறம் கூட்டாளி இருக்கிறான். அவள் தோற்றதில் பாதி என்னுடையது. கணவனுக்காக என்னைக் கைவிட்டாள் என்று அன்றிரவு எனக்குக் கோபம்கூட வந்தது. சீட்டு தர்மத்தின்படி அந்தக் கோபம் நியாயமே. ஆனால் அவள் தோற்கத் தீர்மானித்தது என் வாக்கியம் ஒன்றினால். துருப்பு என்று சொல்லி, ஆட்டத்துக்கு வெளியே இருந்த விதியை உள்ளே கொண்டுவந்து போட்டவன் நான். தூக்கிய கால் என்னுடையது. அவன்கூட அதைத் தூக்கவில்லை, பாவம்.

கேட்டிருக்கலாம். "ஒன்பது வைச்சிருந்தீங்களே" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவன் முகம் போகும், அறையின் சந்தோஷம் போகும், ஒருவேளை சனிக்கிழமையே போகும். நாகரிகம் என்று பெயர் வைத்து வாயை மூடிக்கொண்டேன். கௌரவர் சபையில் திரௌபதி, தன்னையே தோற்றவன் என்னை எப்படி வைத்து ஆடலாம் என்று விதியைப் பற்றித்தான் கேட்டாள். பெரியவர்களிடமிருந்து பதில் வரவில்லை. எங்கள் அறையில் யாரும் கேட்கவே இல்லை, ஆகவே எங்களுக்குச் சௌகரியம்.

இரண்டு மாதம் அவன் ஜெயித்தான். பிறகு அவள் வருவது நின்றது. வீட்டில் வேலை என்றான். பழையபடி நாலு ஆண்கள் ஆடினோம். ஆட்டம் சப்பென்று இருந்தது என்று இப்போது சொன்னால் பொய், நன்றாகவே இருந்தது.

போன வருஷம் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இருவரையும் பார்த்தேன். அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. தண்ணீர் பாட்டில் வாங்க அவன் கடைப்பக்கம் போனான். நான் என்ன பேசுவது என்று தெரியாமல், "இன்னும் சீட்டு ஆடறதுண்டா?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கிளாவர் ஒன்பதை நீங்க பார்த்தீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

அவன் தண்ணீரோடு வந்துவிட்டான். வண்டி அரைமணி தாமதம் என்று சொன்னான்.