ஐயருக்காக அழுதது

எங்கள் சேகரத்து ஐயர் இறந்தது ஒரு சனிக்கிழமை விடியற்காலை. திருநெல்வேலிப் பக்கத்தில் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி துக்க மணி அடிக்கத் தொடங்கியபோது நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். துக்க மணி விட்டு விட்டு விழும். ஒன்றின் அதிர்வு அடங்கிய பிறகுதான் அடுத்தது. அன்று மூன்றாவது மணியோடு நின்றுபோயிற்று. போய்ப் பார்த்தால், அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே கோபுரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மிச்ச மணியை என் தம்பி மகன் அடித்தான்.

மறுநாள் மாலை அடக்க ஆராதனை. வெள்ளை அங்கி உடுத்தி, தலை ஆல்டர் பக்கம் இருக்கும்படி ஐயரைக் கிடத்தியிருந்தார்கள். மற்றவர்களை ஆல்டரைப் பார்க்கக் கிடத்துவோம்; குருவானவர் சபையைப் பார்த்துக் கிடப்பார். 9 வருஷம் எங்களைப் பார்த்து நின்றவர் அன்றும் எங்களைப் பார்த்தபடிதான் இருந்தார். பெண்கள் பக்கமிருந்து ஓர் ஒப்பாரிக் குரல் எழுந்தது. செய்தி கொடுக்க வெளியூரிலிருந்து வந்திருந்தவர் உடனே மைக்கைப் பிடித்தார். விசுவாசிகள் இப்படி அழக்கூடாது, ஐயர் மகிமையில் இருக்கிறார், கண்ணைத் துடைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார். குரல் அடங்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கிய முதுகுகளை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். ஐயரம்மாவின் முதுகும் அதில் ஒன்று.

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள், அதைவிடக் கூடுதலாக ஞாயிறு பள்ளியில் வேதம் சொல்லிக் கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: செய்தி கொடுத்தவர் பவுலைப் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 4ஆம் அதிகாரத்தில் பவுல் துக்கத்துக்குத் தடை போடவில்லை. திரும்பப் பார்ப்போம் என்ற எண்ணமே இல்லாதவர்களின் துக்கம் உங்களுக்கு வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். அதே பவுல் மிலேத்துவில் எபேசு மூப்பர்களிடம் விடைபெற்றபோது அவர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இனி இந்த முகத்தைக் காணமாட்டோமே என்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. பவுல் அவர்களை அதட்டவில்லை. ஸ்தேவானை எடுத்து அடக்கியவர்கள் பக்திமான்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அவனுக்காகப் புலம்பியவர்களும் அவர்களேதான். லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் பெத்தானியாவில் இயேசு அழுதாரே, உயிர்த்தெழுதலை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஐயர் எங்கே போயிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வருகிறவர் இனி வரமாட்டார். தேரி மணலில் சக்கரம் புதையும், அதனால் ஏறி ஓட்டமாட்டார். வீடு வீடாக நின்று, படுக்கையில் கிடப்பவர்களின் பேரைச் சொல்லி விசாரிப்பார். என் அம்மா கடைசி இரண்டு வருஷம் என்னைக்கூட யாரென்று கேட்டாள். அந்தச் சைக்கிள் மணியை மட்டும் தெரிந்துகொண்டாள். இவ்வளவும் போய்விட்டது. அதற்கு அழாவிட்டால், இவ்வளவும் எங்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை என்றுதானே அர்த்தம்? அழுகையைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்கிற ஆறுதலை என்னால் ஆறுதல் என்று ஏற்க முடியவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா ஊர் விதவைகள் வருகிறார்கள். தபீத்தாள் மேல்வீட்டில் செத்துக் கிடக்கிறாள். பேதுரு வந்ததும் இவர்கள் அழுதுகொண்டே, அவள் உயிரோடிருந்தபோது செய்துகொடுத்த உடுப்புகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் குணத்தைப் பற்றி அவர்கள் பேசிய ஒரு பேச்சும் அங்கே பதிவாகவில்லை. துணிதான் பேசுகிறது.

எங்கள் ஊரில் அந்த அதிகாரம் நடந்ததை நானே பார்த்தேன். இது பனங்காட்டு ஊர். ஐயர் குடியிருக்கும் குருமனைக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. கருப்பட்டியோ, நுங்கோ, பனங்கிழங்கோ, அந்தந்தப் பருவத்துக்கு உள்ளதை ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோவோம். ஐயர் பெட்டியை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. குருமனை முருங்கையில் ஒரு பிடி கீரை, இரண்டு எலுமிச்சம்பழம், ஏதாவது இருக்கும். அடக்கம் கழிந்த வாரம் குருமனையில் ஜெபம் வைத்தபோது, யாரும் பேசி வைக்காமலே பெண்கள் ஆளுக்கொரு ஓலைப்பெட்டியோடு வந்தார்கள். பனையிலிருந்து விழுந்து இறந்தவரின் மனைவி தன் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய விதவை உதவித்தொகைக்காக ஐயர் எழுதிக்கொடுத்த மனுவின் நகல் இருந்தது. மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. மேற்குத் தெருவிலிருந்து அம்மன் கோயிலுக்குப் போகிற ஒரு அக்காவும் வந்திருந்தாள். அவள் பெட்டியில் பச்சை மங்கிக் காய்ந்த முருங்கை இலை. கடைசி வியாழக்கிழமை அவர் கொடுத்தது. “சமைக்க மனசு வரல டீச்சர்” என்றாள். காம்பைத் தொட்டேன், இலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்ததையும் கூட்டியெடுத்து அவள் பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

மகிமை எல்லாம் தேவனுக்கே என்று வாரம் தவறாமல் சொன்னவரை இப்படிக் கொண்டாடலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். கோயில் சுவரில் பளிங்குக்கல் பதிப்பது பற்றிய பேச்சு அது. நேர்மையான கேள்வி, அதை நான் தள்ளவில்லை. ஆனால் நம் முன்னோர் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. தஞ்சாவூரில் 1798 பிப்ரவரி 13 அன்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இறந்தார். அவரைத் தகப்பனைப் போல் நினைத்த சரபோஜி மன்னர், கிறிஸ்தவர் அல்லாதவர், இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்தார். சாகக் கிடக்கும் குருவின் படுக்கையருகே மன்னர் நிற்பது அந்தச் சிற்பம். பிஷப் கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். இடையன்குடி மக்கள் அவரை மலையிலேயே விட்டுவிடச் சம்மதிப்பார்களா? ஊருக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலின் ஆல்டருக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். டோனாவூரில் 1951இல் இறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள்.

என் மனம் டோனாவூர் பக்கம் சாய்கிறது. எங்கள் ஐயரும் அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனாலும் கல்லுக்கு எதிராக நான் கை தூக்கவில்லை. பெயரும் தேதியும் மட்டும் போதும், புகழுரை வேண்டாம் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். தேவனுக்குச் சேரவேண்டியது இதனால் குறைந்துபோகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிடி கீரையில் ஐயருடைய அன்பை அந்த அக்கா ருசி பார்த்திருக்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்று அவள் ஒருநாள் கேட்பாள், அல்லது கேட்காமலே இருப்பாள். யோப்பாவிலும் பேதுரு அந்த உடுப்புகளை மடித்து வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் காட்டி முடித்த பிறகுதான் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு முழங்கால் போட்டார்.

அடக்கம் முடிந்த அன்று இரவு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆராதனையை நடத்திய பக்கத்துச் சேகரத்து ஐயர் அடக்கப் பதிவேட்டைக் கேட்டார். கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் நான்தான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அடக்கம் நடத்தியவர் என்ற கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கையெழுத்து, நீல மையில், வலப்பக்கம் சாய்ந்து. என் அம்மாவின் பெயருக்கு நேரேயும் அது இருக்கிறது. வந்த ஐயர் புது வரியில் பெயரை எழுதினார், வயதை எழுதினார், தொழில் என்ற இடத்தில் குருவானவர் என்று எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மேலே இருந்த கையெழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். நானும் கோயில்குட்டியும் அழுதோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.