கருவிக்குப் பட்ட கடன்

ஆயுத பூசையன்று ராதாபுரத்துத் தச்சுப் பட்டறைகளில் ரம்பம் ஓய்ந்திருக்கும். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் துடைத்துச் சுத்தமாகிப் பலகைமேல் ஏறியிருக்கும். எதிரே பொரி, அவல், சுண்டல், சூடம். அந்த வரிசையில் இப்போது புதிதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது: மரத்தைக் குடைந்து இழைக்கும் ரூட்டர் மிஷினில் பூட்டும் பிட்டுகள். மொட்டைமாடிக் கொட்டகையில் ஆசைக்கு மரவேலை பார்ப்பவர்கூட ஐந்தாறு பிட்டுகளாவது வைத்திருக்கிறார். அவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார். விஜயதசமி கழிந்ததும் எல்லாவற்றையும் வாரி ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்.

கும்பிட்டதும் அதே கை, வாரிப் போட்டதும் அதே கை. உயிரில்லாத ஒரு பொருளுக்கு மனிதன் கடமைப்பட்டவன்தானா என்ற பழைய கேள்வி அந்த டப்பாவுக்குள் கிடக்கிறது.

கடமை கிடையாது என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு. உயிரற்றவற்றோடு நட்பும் இல்லை, நீதியும் இல்லை என்று நிகோமாக்கிய அறவியலின் எட்டாம் பகுதியில் சொல்கிறார். அதே இடத்தில் அடிமையை உயிருள்ள கருவி என்றும், கருவியை உயிரற்ற அடிமை என்றும் எழுதுகிறார். கருவி எந்த மரியாதைக்கும் உரியதில்லை என்று வைத்துக்கொண்டால், கருவியோடு சேர்த்து எண்ணப்பட்ட மனிதனுக்கும் மரியாதை போய்விடுகிறது. கேள்வி இரும்போடு நிற்பதில்லை என்பதற்கு இந்த ஒரு பத்தியே சாட்சி.

தாமிரபரணிக் கரையில் வேறொரு விடை இருக்கிறது. பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் மாதவச் சிவஞான முனிவர். 18ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதியவர். அவர் விளக்கிய சைவ சித்தாந்தம், ஒரு காரியம் நிகழ மூன்று காரணங்கள் வேண்டும் என்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். இதே முறையில் உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். குயவனுக்குச் சக்கரம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில்தான் இறைவனுக்குச் சத்தி இருக்கிறாள்.

தச்சனின் உளியும் பிட்டும் நிற்பது அதே வரிசையில். ஆயுத பூசை இந்தத் தத்துவத்திலிருந்து பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சத்திக்குரிய நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் கருவிகளை வணங்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. கருவிக்கு உயிர் இருக்கிறது என்று நம்பித்தான் கும்பிட வேண்டும் என்பதில்லை. தன் கையால் மட்டும் எதுவும் ஆகவில்லை என்று ஒப்புக்கொள்பவன் கும்பிடலாம்.

அந்த ஒப்புதல் தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, ஈமத் தாழிகளோடு ஏராளமான இரும்பு ஆயுதங்களையும் கருவிகளையும் கண்டார். முனை கீழ்நோக்கி இருந்த அவற்றை, இறந்தவருக்காக வந்தவர்கள் மண்ணில் குத்தி வைத்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கீழே இன்னும் சிறிது தொலைவில் சிவகளை. அங்கே கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழ்நாட்டில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழக அரசின் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை 2025 ஜனவரியில் தெரிவித்தது. சாவிலும் கூடவே வைக்கத்தக்கது என்று அன்றைய மனிதர்கள் இரும்பை மதித்திருக்கிறார்கள்.

சரி, கடன் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதை எப்படித் தீர்ப்பது? இதற்கு விடை சொல்ல பிட்டின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும்.

பிட்டின் தண்டு எஃகு. வெட்டும் விளிம்பு டங்ஸ்டன் கார்பைடு. கோபால்ட்டைப் பிணைப்பாகக் கொண்டு இறுக்கிய அந்தத் துகள்கள் எஃகைவிடப் பல மடங்கு கடினமானவை. மரத்தை மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் கடினத்தோடு நொறுங்கும் குணமும் சேர்ந்தே வருகிறது. டப்பாவுக்குள் இரண்டு பிட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பொளிவு விழும். அடுத்த முறை தேக்கில் ஓட்டும்போது இழைத்த பரப்பில் கோடாக அது தெரியவரும். பிசின் படிந்த பிட்டு சூடேறி முனை மழுங்கும். துருப்பிடித்த தண்டை, மிஷினில் பிட்டைக் கவ்வும் கோலெட் சீராகப் பிடிக்காது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலும் மிஷினில் பிட்டு நழுவினால் போவது வேலை செய்பவரின் விரலோ கண்ணோதான். பிட்டைப் பேணுவது ஆளைப் பேணுவதும் ஆகிறது.

ராதாபுரத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தெற்கே கூடங்குளம், இடிந்தகரைக் கடலிலிருந்து உப்புக்காற்று வருகிறது. ஆடிக்காற்றில் காற்றாலைகள் சுழலும்போது செம்மண் தூசி பட்டறைக்குள்ளும் புகுந்து, பிட்டின் முனையிலுள்ள சிறு பேரிங்கில் அடைகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் ஈரம். பூசை நாள் அந்த மழைக்குச் சற்று முன்னால் வருகிறது. கருவிகளை எல்லாம் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் பூச அதைவிடத் தோதான நாள் இல்லை. ஆனால் நடப்பது வேறு. குழைத்த சந்தனத்தின் ஈரம் எஃகுத் தண்டிலேயே காய்கிறது. உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. பொட்டு இருந்த இடத்திலேயே துரு பூக்கிறது. பொட்டைப் பலகைக்கு வைத்தாலும் பூசை நிறையும்.

கருவியைப் பேணும் இந்த எண்ணம் நம் மண்ணுக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலில், மடத்தின் பொருள்களைக் கவனிப்பவர் அங்குள்ள பண்டபாத்திரங்கள் அனைத்தையும் பலிபீடத்துப் புனிதக் கலங்களைப் போலவே கருத வேண்டும் என்றார். ஜப்பானில் பிப்ரவரி 8 அன்று, சில பகுதிகளில் டிசம்பர் 8 அன்று, ஒடிந்த தையல் ஊசிகளை மெத்தென்ற தோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்கிறார்கள். ஆயுள் முழுவதும் கடினமான துணியில் ஏறி இறங்கிய ஊசிக்குக் கடைசியில் மென்மையான இடம். மூன்று மண்ணிலும் மனிதர்கள் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

இது பொருள்மேல் பற்று இல்லையா என்று சைவரே கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தள்ளுபடியில் வாங்கிய முப்பது பிட்டுகளைப் பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்து அழகு பார்ப்பது பற்று. ஐந்து பிட்டுகளை வேலை முடிந்ததும் பிசின் போகத் துடைத்து, அதனதன் இடத்தில் நிறுத்துவது பேணல். முன்னதில் கருவி உடைமையாக முடங்குகிறது. பின்னதில் அது மறுநாள் வேலைக்கு ஆயத்தமாகிறது.

பேணுவதற்கு அதிகச் செலவும் இல்லை. நன்றாகக் காய்ந்த மரக்கட்டை ஒன்றில் 6 மில்லிமீட்டர் தண்டுக்கு 6.5, 12 மில்லிமீட்டர் தண்டுக்கு 12.5 என்று துளையிட்டால் போதும். மழையில் மரம் ஊதினாலும் தண்டு சிக்காது. துளை அடிவரை போனால் தூள் கீழே உதிர்ந்துவிடும். துளைகளுக்கு நடுவே விளிம்புகள் தொடாத இடைவெளி வேண்டும். ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பஞ்சணை கூடாது. மூடியுள்ள பெட்டியும், சிலிக்கா ஜெல் பொட்டலமும், தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் நல்லது. கோலெட்டில் பூட்டுமுன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

மழுங்கிய பிட்டை உடனே எறிய வேண்டியதில்லை. சாதாரணச் சாணைக்கல்லுக்குக் கார்பைடு மசியாது. வைரத்தூள் பதித்த தகட்டில் விளிம்பின் தட்டையான முகத்தைச் சில முறை தேய்த்துக் கூர்மையை மீட்கலாம். அதற்கும் அது இடம் கொடுக்காத நாளில், கார்பைடை மற்ற இரும்போடு கலக்காமல் தனியே சேர்த்து வைத்துப் பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுப்பது நல்லது. உலகின் டங்ஸ்டன் பெரும்பகுதியும் சீனச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. எளிதில் கிடைக்காத அந்த உலோகத்தைத் தேய்ந்த பிட்டிலிருந்து பிரித்தெடுத்து, புதிய வெட்டுமுனைகளாக ஆக்குகிறார்கள்.