தோற்றவன் மேல் விழும் சொல்

இலங்கை அணி படுதோல்வி கண்ட மறுநாள் அச்சுவேலிச் சந்தையடியில் மரக்கறி விலைக்கு முன்னர் ஸ்கோர்தான் விசாரிக்கப்படும். தேநீர்க்கடை வாங்கிலும் சலூனிலும் வெங்காயத் தோட்டத்து வரம்பிலும் அதே கதைதான். "உவனை என்னத்துக்கு எடுத்தவங்கள்?" என்று பேச்சுத் தொடங்கும். இரண்டாவது தேநீர் வருவதற்குள், "காசுக்கு வித்துப்போட்டாங்கள்" என்று முடிந்துவிடும். முதலில் வந்தது ஒரு கேள்வி. கடைசியில் வந்தது ஒரு குற்றச்சாட்டு. கேட்டவருக்கோ சொன்னவருக்கோ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உறைப்பதில்லை.

அணித் தெரிவைப் பற்றிக் கேள்வி கேட்க ரசிகனுக்கு முழு உரிமை உண்டு. தோற்ற வீரனை இழித்துப் பேசவும், ஒரு சான்றும் இல்லாமல் அவனது நேர்மையில் கைவைக்கவும் யாருக்கும் உரிமை இல்லை. இதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவ இடமில்லை. பின்னையது பிழை, அதைப் பிழை என்றே சொல்ல வேண்டும்.

கோபம் வருவது இயல்புதான். 2023 நவம்பர் 2 ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா 357 ஓட்டங்கள் குவித்தது. பதிலுக்கு ஆடிய இலங்கை 14 ஓட்டங்களுக்குள் ஆறு விக்கெட்டுகளை இழந்து, 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. தோல்வி 302 ஓட்டங்களால். அதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன்னர்தான், சொந்த மண்ணில், ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 50 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்திருந்தது. வேலையை நேரத்தோடு முடித்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியவன் மனம் நொந்து நாலு வார்த்தை சொல்வான். சொல்லட்டும். அதற்கு மேல் போவதுதான் பிழை.

ஏனென்றால் கோபத்துக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. அதே மும்பை ஆட்டத்தில் டில்ஷான் மதுஷங்க ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த உலகக் கிண்ணத் தொடர் முழுவதிலும் அவர் எடுத்தவை 21. அந்த 55 ஓட்டங்களில் ஆகக் கூடுதலாக 14 ஓட்டங்கள் எடுத்தவர் கசுன் ரஜித என்ற பந்துவீச்சாளர். மறுநாள் வாங்கில் இருந்தவர்கள் "எல்லாரும் கழிசடையள்" என்றபோது, அந்த 'எல்லாரு'க்குள் இவர்களும் அடங்கினார்கள். ஒரு சொல்லால் பதினொரு பேரைக் குழியில் தள்ளுவது எவ்வளவு சுலபம்!

2025 செப்டெம்பர் 18 ஆம் திகதி இரவை இன்னும் மறக்க முடியவில்லை. அபுதாபியில் ஆசியக் கிண்ணப் போட்டி. ஆப்கானிஸ்தான் இனிங்ஸின் கடைசி ஓவரை வீச 22 வயதான துனித் வெல்லாலகேயிடம் பந்து கொடுக்கப்பட்டது. முகமது நபி ஐந்து சிக்ஸர்கள் அடித்தார். அந்த ஓவரில் 32 ஓட்டங்கள். பார்த்துக்கொண்டிருந்த எத்தனை வீடுகளில் அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கியிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. இலங்கை அந்த ஆட்டத்தில் வென்றது. ஆட்டம் முடிந்த பிறகுதான் அவரிடம் செய்தி சொல்லப்பட்டது: தகப்பனார் மாரடைப்பால் இறந்துவிட்டார். ஏசியவர்கள் அடுத்த நாள் அனுதாபம் தெரிவித்தார்கள். அனுதாபம் நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது. ஒருவேளை தகப்பன் இறந்திராவிட்டால், முதல்நாள் ஏச்சு நியாயமாகிவிடுமா? மைதானத்தில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் வீட்டில் ஏதோ ஒரு துயரம் இருக்கலாம். அது செய்தியாக வந்த பிறகுதான் நாக்கு அடங்க வேண்டும் என்பது என்ன அறம்?

ஏச்சிலும் பெரிய பாவம் 'வித்துப்போட்டான்' என்ற சொல். அதற்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 2011 உலகக் கிண்ண இறுதியாட்டம் விற்கப்பட்டது என்று 2020 ஜூனில் சொன்னவர் தேநீர்க்கடைக்காரர் அல்லர். அந்த ஆட்டம் நடந்தபோது விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த மஹிந்தானந்த அளுத்கமகே. பொலிஸார் விசாரணை தொடங்கினார்கள். தெரிவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அரவிந்த டி சில்வா, ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்க, அணித்தலைவர் குமார் சங்கக்கார ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்பட்டனர். சங்கக்காரவிடம் ஏறத்தாழப் பத்து மணித்தியாலம் வாக்குமூலம் பெறப்பட்டது. ஜூலை 3 ஆம் திகதி, சான்று எதுவும் இல்லை என்று விசாரணை மூடப்பட்டது. கோப்பு மூடப்பட்டது; வாய்கள் மூடப்படவில்லை. இன்றும் 2011 பற்றிப் பேச்சு வந்தால் யாரோ ஒருவர் கண்ணைச் சிமிட்டுகிறார். இருபது வருடம் ஒருவன் சேர்த்த பெயரைக் கண் சிமிட்டிக் கெடுப்பது களவை விடக் கொடியது. களவு போன பொருளை மீட்கலாம்.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையைப் பாருங்கள். புறங்கூறாமையை 19 ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு அடுத்து பயனில சொல்லாமை. அதற்கும் அடுத்து தீவினையச்சம். ஆள் இல்லாத இடத்தில் பழி சொல்வதில் தொடங்கி, பயனற்ற பேச்சில் ஊறி, தீவினையின் வாசலுக்கு மனிதன் வந்து சேருகிற வழியே அதில் தெரிகிறது. ஒருவன் முகத்துக்கு நேரே இரக்கமின்றிப் பேசுவதைக்கூட அவர் ஓரளவு பொறுக்கிறார். முதுகுக்குப் பின்னால் பேசுவதைப் பொறுக்கவில்லை. கொழும்பில் இருக்கும் வீரனைப் பற்றி அச்சுவேலியில் பேசுவது முழுக்க முழுக்க முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான். அயலான் குற்றத்தைப் பார்ப்பதுபோலத் தன் குற்றத்தையும் பார்க்கத் தெரிந்தால் உலகத்தில் தீமை எங்கே என்றும் அதே அதிகாரத்தில் கேட்கிறார்.

சிலப்பதிகாரத்தை எடுங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். ஒரு பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், விசாரிக்கவில்லை, கோவலன் வெட்டுண்டான். சிலம்புக்குள் இருந்தது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி ஆராய்ச்சி இல்லாமற் போனதற்கு ஒரு நகரம் எரிந்தது. 'வித்துப்போட்டான்' என்பவர்கள் சிலம்பை உடைத்துப் பார்த்தார்களா?

தோற்றவனை மதிப்பது நம் மரபிலே ஊறியது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு, அந்த நாணத்தால் வடக்கிருந்து உயிர் விட்டான். வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே நின்று, உன்னிலும் அவன் நல்லவன் என்று பாடினார் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண். புறநானூற்றில் 66 ஆவது பாட்டு. பரிசில் தரக்கூடிய அரசனிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் மோதியபோது, எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று கோவூர் கிழார் இடையில் புகுந்து சொன்னார். கம்பனின் இராமன், படைக்கலம் இழந்து நின்ற இராவணனைக் கொல்லாமல் திருப்பி அனுப்பினான். இவற்றையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துச் சோதனை எழுதிய சமூகம் இது. தோற்றவனின் தாயைச் சொல்லி ஏச எங்கே பழகியது?

இது இங்கு மட்டும் உள்ள நோய் அன்று. 1994 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் கொலம்பியாவின் அந்திரெஸ் எஸ்கோபார் தவறுதலாகத் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்தினார். பத்து நாள் கழித்து மெடெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2014 இல் டாக்காவில் இலங்கை இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்ற இரவு, இந்தியாவில் யுவராஜ் சிங்கின் வீட்டுக்குக் கல்லெறிந்தார்கள். கல்லும் துப்பாக்கியும் திடீரென முளைப்பதில்லை. அதற்கு முன்னர் ஆயிரம் வாய்கள் சொல்லைப் பரப்பியிருக்கும்.

சரி, அணித் தெரிவு? அதை விவாதிக்கத்தான் வேண்டும். எவனை எந்த வேலைக்கு, எந்தத் தகுதி பார்த்து விடுவது என்பதற்குக் குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஆராயாமல் ஒருவனைத் தெரிவதும் கேடு, ஆராய்ந்து தெரிந்தபின் ஐயப்படுவதும் கேடு என்பது அவற்றின் சாரம். ஒரு தொடரில் இரண்டு ஆட்டம் சறுக்கியவனைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த தொடரில் திரும்பவும் கூப்பிடுகிற வழக்கத்துக்கு இது நேரான பதில். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குடவோலையில் பெயர் இடப்படுவதற்கு வயது, கல்வி, சொந்த நிலம் எல்லாம் பார்த்தார்கள். முன்னர் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனையும், அவனது உறவினரையும் விலக்கினார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்திய அந்த விதியை வைத்து இன்றைய கிரிக்கெட் நிர்வாகத்தை அளந்து பார்க்கலாம். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி, தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஒரு பிள்ளை இலங்கைச் சட்டையைப் போட அரசியல்வாதி கையெழுத்து வைக்க வேண்டிய நாட்டில், கேள்வி போக வேண்டிய இடம் கொழும்பின் அலுவலகங்கள்.

அங்கே போன கேள்வியும் கோபத்தோடு போனால் என்ன நடக்கும் என்பதை 2023 காட்டியது. மும்பைத் தோல்விக்கு நாலு நாள் கழித்து, விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் நிறுவன நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் பழைய நிர்வாகத்தை மீள அமர்த்தியது. அந்த நிர்வாகத்தை நீக்கக் கோரிப் பாராளுமன்றம் கட்சி பேதமின்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நவம்பர் 10 இல், அரசியல் தலையீடு என்று சொல்லிச் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. நிர்வாகிகள் நாற்காலியில் இருந்தார்கள். சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள் பதின்ம வயதுப் பிள்ளைகள். பின்னர் தெரிவுக் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டவர் உபுல் தரங்க. 2020 இல் பொலிஸ் வாசலில் நிறுத்தப்பட்ட அதே தரங்க.

அச்சுவேலி அடங்கிய வலிகாமத்தில் இந்த விவாதத்துக்கு வேறொரு கசப்பும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 1996 மார்ச் 17 இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது, அச்சுவேலிச் சனத்தில் பெரும்பாலோர் தம் வீட்டில் இல்லை. முந்திய ஒக்டோபர் இடப்பெயர்வில் அகப்பட்டு அகதிகளாக இருந்தார்கள். அந்த வெற்றியில் தனக்குப் பங்கில்லை என்று நினைத்தவன், தோல்வியில் மட்டும் பங்கு கேட்டு வருவதுபோல ஏசுகிறான். "எங்கட பெடியனை எடுக்காயினம்" என்ற மனக்குறை பொய் அன்று. திறமை இங்கே இல்லாமலில்லை: யாழ். மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் பந்து வீசி, 2024 இல் ஐ.பி.எல். வரை போனார். வசதிதான் வரவில்லை. 'வடக்கின் பெரும் சமர்' என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டம் 1904 இல் தொடங்கியது. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நடப்பட்டது 2025 செப்டெம்பரில். நூற்றிருபது வருட இடைவெளி அது. தரமான ஆடுகளமும் பயிற்சியும் எப்போது இங்கே வரும் என்று எத்தனை தரமும் கேட்கலாம், எழுதலாம், தெருவில் இறங்கியும் கேட்கலாம். ஆனால் அந்தக் கணக்கை, தம்புள்ளையிலோ காலியிலோ பிறந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் தீர்க்கக் கூடாது. முத்தையா முரளிதரன் அவுஸ்திரேலிய மைதானங்களில் பந்தை எடுக்கும்போதெல்லாம் கூட்டம் 'நோ போல்' என்று கத்தி அவரது நேர்மையைக் கேலி செய்தது. அதைக் கேட்டு இந்த ஊர்கள் துடித்தன. அன்று வலித்த அதே இடத்தில்தான் இன்று நாம் மற்றவனைக் குத்துகிறோம்.

பெரியவர்கள் வாங்கில் இருந்து சொல்வது அங்கேயே தங்கிவிடுவதில்லை. பின்னேரம் தோட்டங்களுக்கு நடுவே, சிவந்த மண் தரையில், ரெனிஸ் பந்தும் பலகை மட்டையுமாகச் சிறுவர்கள் ஆடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை ஒருவன் முதல் பந்திலேயே ஆட்டமிழந்து மட்டையோடு திரும்பி நடப்பான். காலையில் கேட்டதை மறக்காத இன்னொருவன் வேலியோரத்தில் இருந்து உரத்துக் கத்துவான்: "டேய், எவ்வளவுக்கு வித்தனி?" மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை சிரிக்க மாட்டான். மட்டையை வரம்பில் வைத்துவிட்டு, இருட்டுவதற்கு முன்னரே தனியாக வீட்டுக்குப் போவான்.