குடிவந்தவர்களின் சாமி எந்த ஊரில்?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் பாரிவாக்கம். மனை வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டிக் குடிவந்தவர்களில் திருநெல்வேலிக்காரர் உண்டு, மதுரைப் பக்கத்தவர் உண்டு, வேலூர்க்காரரும் உண்டு. அப்படிக் குடிவந்த வீடுகளில் பூஜை அலமாரியைத் திறந்து பார்த்தால், படங்களுக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்று பெரும்பாலும் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காத ஏதோ ஒரு ராத்திரியில் குலதெய்வத்தை நினைத்து முடிந்தது. மஞ்சள் வெளுத்திருக்கும். பங்குனி உத்திரத்துக்கோ மாசி சிவராத்திரிக்கோ ஊருக்குப் போகும்போது உண்டியலில் சேர்க்க வேண்டிய கடன் அது.

பயணமும் லேசானதல்ல. தெற்கே போகும் அரசு பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. அங்கே போய்ச் சேரவே அரை மாலை ஆகிவிடும். ஒரு வருஷம் லீவு கிடைக்காது, அடுத்த வருஷம் பரீட்சை. காசு அலமாரியிலேயே கிடக்கும். அப்போது மனசில் ஒரு கேள்வி எழுகிறது. காப்பாற்றுகிற சாமி அத்தனை தூரத்தில் இருக்க, இங்கே நமக்கு யார் துணை? தெய்வம் மண்ணோடு கட்டுண்டதா, மனிதரோடு வருவதா?

இந்தக் கேள்வியை எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுப் பதிலும் சொன்ன வட்டாரம் இதுதான். பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசை, திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். அவருடைய சீடர் கணிகண்ணன் தன்னைப் பாட மறுத்துவிட்டார் என்று பல்லவ மன்னன் காஞ்சியை விட்டே விரட்டினான் என்கிறது வைணவ மரபு. சீடர் கிளம்பினார், குருவும் கிளம்பினார். ஆழ்வார் கேட்டுக்கொண்டதற்காகத் திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகே மூவரும் திரும்பினார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று இன்றைக்கும் அவருக்குப் பெயர். வெளியே போனவர்கள் ஓர் இரவு தங்கிய இடமாக ஓரிருக்கையைக் காட்டுகிறார்கள்.

ஆவடிக்கு அப்பால் திருநின்றவூரில் சிவனடியார் பூசலார். கோயில் கட்டக் கையில் பணமில்லாமல், கல்லும் மரமும் மனசிலேயே சேர்த்து, அஸ்திவாரத்திலிருந்து சிகரம் வரை உள்ளுக்குள்ளேயே எழுப்பினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய மன்னனின் கனவில் சிவன் வந்து, அதே நாளில் நான் பூசலாரின் மனக்கோயிலுக்குள் புகப்போவதால் உன் குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள் என்றார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை.

பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர், ராமானுஜர் தம் சந்தேகங்களுக்கு வரதரிடம் பதில் கேட்டுச் சொல்லும்படி வேண்டியது இவரிடம்தான். முதுமையில் அவரால் காஞ்சிக்குப் போக முடியாதபோது வரதரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்தார் என்று இங்குள்ள வரதராஜர் கோயில் தலவரலாறு சொல்கிறது.

இவற்றைச் சரித்திரமாக நிறுவ வேண்டியதில்லை. நடக்க முடியாத கிழவருக்கும், ஊரை விட்டு விரட்டப்பட்டவருக்கும், கையில் காசில்லாதவருக்கும் தெய்வம் இடம்பெயர்ந்து வரும் என்று இந்த மண் நம்பியிருக்கிறது. அலமாரிக் காசு தாமதமானதற்காகக் கலங்குகிறவர்கள் இதைத் தைரியமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் இது பாதிப் பதில்தான். 1819இல் சிங்கப்பூருக்குப் போன நாராயண பிள்ளை 1827இல் அங்கே மரமும் கீற்றும் கொண்டு மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். அந்தக் கடற்கரையில் அவருக்கு முன் மாரியம்மன் இல்லை. பாரிவாக்கம் அப்படியல்ல. ஏரியும் வயலுமாக வாழ்ந்த ஊர்களில் எல்லை காக்க ஓர் அம்மன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள். குடிவந்தவர் குடிப்பது அவள் காத்த ஏரியின் ஊற்றுத் தண்ணீர். ஆழ்துளைக் குழாயில் ஏறுவது அதுதான்.

அப்படியும் அவளோடு நம் உறவு ரசீதோடு நின்றுவிடுகிறது. சொந்த ஊர்த் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தே வரி கட்டுகிறோம், வரி கட்டியவனுக்குத்தான் ஊரில் பேச்சுரிமை. இங்கே ஆடி மாதம் நோட்டுப் புத்தகத்தோடு வரும் பையன்களிடம் நன்கொடை கொடுத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். பிறகு ஒலிபெருக்கிச் சத்தம் பற்றி முணுமுணுப்பு. இது சரியில்லை. பக்தி மட்டும் ஊருக்குப் போய்வர, உடம்பு இங்கே வாழ்வது இரண்டு ஊருக்கும் குறை வைப்பதாகும்.

கூழ் வார்க்கும் நாளில் போய்ப் பாருங்கள். முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவு, நொய்யோடு சேர்ந்து பெரிய அண்டாவில் கொதிக்கும். துடுப்பால் கிண்டுகிறவருக்குத் தோள் வலித்ததும் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். வாங்குவது எந்த ஊர்க்காரர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் ஒரு பக்கம், சில வீடுகளிலிருந்து கருவாட்டுக் குழம்பு மறுபக்கம்.

குலதெய்வத்தின் காசு அலமாரியிலேயே இருக்கட்டும், லீவு கிடைக்கும்போது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். வருகிற ஆடியில் உங்கள் தெருமுனை அம்மன் கோயிலுக்கு ஒரு படி கேழ்வரகோடு போய், அந்தத் துடுப்பைக் கேட்டு வாங்குங்கள்.