தலையெழுத்தா? காரணமா?

நம் தமிழ் மக்களிடையே வழங்கும் சொற்களுள் 'தலையெழுத்து' என்பதைப் போலக் கேடு விளைத்த சொல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. மழை பொய்த்தாலும் தலையெழுத்து. வேலை போனாலும் தலையெழுத்து. பிள்ளை கணக்கில் தவறினாலும் தலையெழுத்து. பிறக்கும்போதே பிரமன் மண்டையோட்டில் எழுதிவிட்டான் என்று நம்புகின்றவர் இவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. மும்மணிகளைச் சரணடைந்து, பிரமன், விஷ்ணு, மகேசுவரன் ஆகியோரைத் தெய்வமாகக் கொள்ளேன் என்று உறுதி கூறிய இல்லங்களிலும் அச்சொல் ஒலிப்பதுதான் வியப்பு. எழுதியவனை விலக்கிவிட்டோம், எழுத்தை மட்டும் வீட்டில் வைத்துக் காத்து வருகிறோம்.

ஒரு பிள்ளை கல்வியில் பின்தங்கும்பொழுது பௌத்தராகிய நாம் அதனை எவ்வாறு நோக்கக் கடவோம்? அத்தோல்வியில் பெற்றோருக்குரிய பங்கு யாது, பிள்ளைக்குரிய பங்கு யாது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நடுநிலைப் பள்ளிப் பருவத்திலேதான் இவ்வினா நம் இல்லங்களில் பெரிதும் எழுகின்றது.

சான்றாகச் சிகந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியை எடுத்துக்கொள்வோம். 1806-இல் சிகந்தராபாத்தில் இராணுவப் பாளையம் அமைந்த பின்னர், சென்னைப் படைகளோடும், அவற்றைச் சார்ந்த வாணிகத்தோடும், பின்னர் இரயில்வேயோடும் தமிழர் பலர் அப்பகுதிகளில் குடியேறினர். மாரெட்பள்ளிக்கு அண்மையிலுள்ள லாலாகுடா இரயில்வே பட்டறை 1893-இல் எழுந்தது. அங்கு வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பேசுவது தமிழ். தெருவில் கேட்பது தெலுங்கு. கடைவீதியில் வழங்குவது தக்காண உருது. பள்ளியில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். 2018-ஆம் ஆண்டின் தெலங்கானாச் சட்டப்படி தெலுங்கையும் பாடமாகக் கற்றாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தன்னை நன்கறிந்த ஓரிரு ஆசிரியரிடம் பயின்ற பிள்ளை, ஆறாம் வகுப்பில் பாடத்திற்கு ஓர் ஆசிரியரைக் காண்கின்றது. அவ்வாண்டிலேயே உடலும் மாறத் தொடங்குகின்றது. இத்தனை மாறுதல்களும் ஒருங்கே வந்து சூழும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் மதிப்பெண் குறையுமாயின், அதற்குப் பிரமனின் எழுத்தாணியைத் தேடிப் போக வேண்டுமோ?

நம்மவருள் சிலர் வேறொரு வினா எழுப்பக்கூடும். "பகவான் புத்தரும் கன்மத்தைப் போதித்தார் அன்றோ? முற்பிறப்பில் செய்த வினையே இப்பிறப்பில் மந்த புத்தியாக வந்து வாய்த்தது என்று கொண்டால் என்ன தவறு?" என்பர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் விடையைப் பகவானே அருளியிருக்கின்றார். அங்குத்தர நிகாயத்தில் மூன்று கொள்கைகளை அவர் மறுக்கின்றார். மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவன என்பது ஒன்று; கடவுளின் படைப்பால் வருவன என்பது ஒன்று; காரணமின்றியே வருவன என்பது மற்றொன்று. இம்மூன்றில் எதனை ஒப்பினும், செய்யத்தக்கது இது, தவிர்க்கத்தக்கது இது என்னும் முயற்சிக்கே இடமில்லாது போய்விடும் என்பது அவர் காட்டும் நியாயம்.

சம்யுத்த நிகாயத்தில், சீவகர் என்னும் பரிவிராசகர் இதே ஐயத்தை வெளிப்படையாகக் கேட்கின்றார். பகவான் எட்டுக் காரணங்களை எண்ணிச் சொல்கின்றார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற பழக்கம், பிறர் செய்யும் ஊறு, வினைப்பயன் என்பன அவ்வெட்டு. எட்டில் ஒன்றாகவே, அதுவும் ஈற்றிலேயே, வினைப்பயன் நிற்பதைக் காண்க. கன்மம் என்னும் சொல்லுக்குப் பொருள் செயல் என்பது. செயல் செய்யப்படுவது, எவராலும் முன்கூட்டியே எழுதப்படுவதன்று. கன்மத்தைத் தலையெழுத்தாக்குகின்றவர், பகவான் மறுத்த கொள்கையைப் பகவானின் பெயராலேயே பேசுகின்றவராவர்.

நம் முன்னோடிகள் இதனை நன்குணர்ந்திருந்தனர். பிறப்பே அறிவை வரையறுக்கும் என்று ஊரார் கூறிய காலத்தில், பண்டித அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் தம் பத்திரிகை வாயிலாக அறிவை வீடுதோறும் சேர்த்தார். ஆல்காட் துரை 1894-இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். ஐதராபாத்தில் பாக்கியரெட்டி வர்மா 1910-இல் இசாமியா பஜாரில் பள்ளி தொடங்கினார். 1913-இலேயே புத்த ஜெயந்தி கொண்டாடியவரும் அவரே. 'இப்பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சுக்கு அவர்கள் கூறிய மறுமொழி பள்ளிக்கூடமாக நின்றது. பிறர் நம்மை நோக்கிச் சொன்ன அவ்வசைச் சொல்லை, இன்று நாமே நம் பிள்ளையை நோக்கிச் சொல்லலாமோ?

இனி, காரணத்தைத் தேடுதல் எவ்வாறு என்று காண்போம். ஏழாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் தவறுகின்றது என்று வைத்துக்கொள்வோம். விகிதமும் சதவீதமும் அதற்கு விளங்கவில்லை. ஏன் விளங்கவில்லை? அவை இரண்டும் பின்னத்தின் மேல் எழுப்பிய சுவர்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னம் பதியவில்லை. அவ்வாண்டில் பிள்ளை பல நாள் பள்ளிக்கு வரவில்லை. வராமைக்குக் காய்ச்சலோ, ஊர்ப் பயணமோ காரணம். இது இருக்க அது தோன்றும், இது நீங்க அது நீங்கும் என்னும் சார்பின் தோற்றத்தைப் பன்னிரு நிதானங்களாக மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைத்ததை நாம் அறிவோம். அப்பெருந்தத்துவம் பிறப்பிறப்புச் சுழலுக்கு மட்டுமே உரியது என்று எண்ணற்க. ஏழாம் வகுப்புக் கணக்குக்கும் அது பொருந்தும். வேர் தெரிந்த பின் செய்ய வேண்டுவது யாது? ஏழாம் வகுப்புப் புத்தகத்தை நூறு முறை உருப்போடச் செய்வதால் பயனில்லை. இரண்டு மாதம் ஐந்தாம் வகுப்புப் பின்னத்திற்குத் திரும்பிச் செல்ல வேண்டும். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

சில பிள்ளைகளின் குறை கண்ணில் இருக்கும். கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிவதைப் பிள்ளை எவரிடமும் சொல்வதில்லை; எல்லார்க்கும் உலகம் அவ்வாறே தெரியும் என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு மூக்குக் கண்ணாடி தீர்க்கக்கூடிய குறையைச் சோம்பல் என்று பெயரிட்டு நாம் அடித்துக்கொண்டிருப்போம். சில பிள்ளைகள் உறக்கம் போதாமல் வகுப்பில் தூங்கி விழும். பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. வீட்டில் நள்ளிரவு வரை தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒலிக்குமாயின், பிள்ளையின் மறதிக்குக் காரணம் நம் கூடத்திலேயே இருக்கின்றது. இரும்புச் சத்துக் குறைந்த குருதியும் கவனத்தைச் சிதறடிக்கும். கீரையும் பயறும், வேண்டுமாயின் மருத்துவர் தரும் மாத்திரையும் அதற்கு மருந்து. தாயத்து இவற்றில் எதனையும் தீர்க்காது.

"இவையெல்லாம் வசதியுள்ளவர்க்கன்றோ? ஒரே அறையில் ஐவர் வாழ்கின்றோம்" என்று ஒரு தந்தை கூறலாம். அவருக்குப் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் இளமையை நினைவூட்டுகின்றோம். பம்பாய்ப் பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பில் அவர்கள் குடும்பத்திற்கு இருந்தது ஒரே அறை. சமையலும் படுக்கையும் படிப்பும் அதற்குள்ளே. அவர் தந்தையார் இராம்ஜி சக்பால், படைத்துறைப் பள்ளியில் ஆசிரியராயிருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். இட நெருக்கத்தை அவரால் மாற்ற இயலவில்லை; ஆகவே நேரத்தை மாற்றினார். மகனை முன்னிரவிலேயே உறங்க வைத்து, தாம் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்தார். நூல் வாங்கப் பொருளில்லாத போது, மணமான மகளிரிடம் கடன் பெற்றும், அவர்தம் நகையை அடகு வைத்தும் வாங்கித் தந்தார். 1907-இல் அம்மகன் மெட்ரிகுலேஷன் தேறினார்.

நாம் கற்க வேண்டுவது இரண்டு மணி என்னும் கணக்கையன்று. இன்று பிள்ளையை நள்ளிரவில் எழுப்ப வேண்டுவதில்லை. தடையாய் நின்ற காரணம் இன்னது எனக் கண்டு, தம் கைக்கு எட்டிய ஒன்றை மாற்றினாரே, அதுவே கற்கத்தக்கது. நம் வீட்டிலும் அறை ஒன்றாயிருப்பினும், மாலை ஏழு முதல் எட்டு வரை தொலைக்காட்சியை நிறுத்தலாம். அவ்வொரு மணி நேரம் பெரியவர்களும் கைப்பேசியைக் கீழே வைக்கலாம். இதற்குக் காசு வேண்டா. நம் ஆசையைச் சிறிது அடக்கும் சீலமே வேண்டும்.

"நானோ எழுத்தறியாதவள், ஆங்கிலப் பாடத்தில் எவ்வாறு உதவுவேன்?" என்று வருந்தும் தாய்மார்க்கு ஒன்று கூறுவோம். நாள்தோறும் பிள்ளையை அருகிலமர்த்தி, "இன்று கற்றதை எனக்கு விளங்கும்படி தமிழில் சொல்" என்று கேளுங்கள். இலை எவ்வாறு கதிரவன் ஒளியால் உணவு சமைக்கின்றது என்பதைத் தமிழில் விளக்கிய பிள்ளை அப்பாடத்தைக் கற்றுவிட்டது. ஆங்கிலச் சொற்களை மட்டும் ஒப்பித்து, "அப்படியென்றால் என்ன?" என்றதும் திகைக்கும் பிள்ளை உருப்போட்டிருக்கின்றது, மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டுவது எது என்பதை அத்திகைப்பே காட்டிவிடும். அறியாதவர் மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்கும் வினாவிற்கு நிகரான தேர்வு வேறில்லை. தமிழை மறவாதிருக்கவும் அதுவே வழி.

பெண்மக்களைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பெற்றோர் கடமை ஐந்து என்றார் பகவான். தீமையினின்று விலக்குதல், நன்மையில் ஊக்குதல், தொழிற்கல்வி பயிற்றுதல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் பொருளை ஒப்புவித்தல் என்பன அவை. மணமும் பொருளும் கல்விக்குப் பின்னரே வைத்து எண்ணப்பட்டன. மகன் புத்தகத்தைத் திறக்கும் வேளையில் மகள் பாத்திரம் துலக்குவாளாயின், பூப்பெய்திய மகள் திங்கள்தோறும் மூன்று நாள் பள்ளிக்குப் போகாது மூலையில் இருத்தப்படுவாளாயின், அவள் மதிப்பெண் குறைவதற்குக் காரணம் நம் கண்முன் நிற்கின்றது. தீண்டாமையை எதிர்த்துத் தம்மத்திற்கு வந்த நாம், நம் மகளையே தீண்டாதவளாக்குதல் எவ்வாறு பொருந்தும்?

எனினும் பெற்றோரின் பங்கிற்கு ஓர் எல்லை உண்டு. காரணங்களை அமைத்துத் தருவது நம் கடமை. பிள்ளைக்காக நாமே கற்க இயலாது. வீட்டுப்பாடத்தைத் தாமே எழுதித் தரும் பெற்றோர் உதவுவதாக எண்ணுகின்றனர்; மெய்யாக அவர்கள் பிள்ளையின் முயற்சியைக் களவாடுகின்றனர். வழியைக் காட்டுதல் ததாகதரின் செயல். நடத்தல் அவரவர் செயல்.

பகவான் தம் மைந்தன் இராகுலனுக்கு அறிவுரை கூறிய முறையை நோக்குக. இராகுலன் அப்போது ஏழு வயதுச் சிறுவன் என்பர் உரையாசிரியர். பாத்திரத்தில் எஞ்சிய சிறிதளவு நீரைக் காட்டியும், அதனைக் கொட்டிக் காட்டியும், பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டியும், பொய் கூறுவோனின் வெறுமையை உணர்த்தினார். பின்னர்க் கண்ணாடியை உவமை காட்டி, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் தானே ஆராய்ந்து பார்க்கும்படி பணித்தார். கோபமில்லை, அச்சுறுத்தலில்லை, ஆராயும் கண்ணாடியை மைந்தன் கையிலேயே கொடுத்துவிட்டார். பிரம்பெடுக்கும் வீட்டில் மதிப்பெண் அட்டை ஒளிக்கப்படும். அப்பொய்க்கு வித்திட்டது நம் சினமே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடித்தலையும் மனத்தைப் புண்படுத்தலையும் தடை செய்துள்ளது. சட்டம் நுழையாத நம் வீட்டில் பஞ்சசீலம் நுழையட்டும்.

காரணம் காண்பது எவரையும் பழிப்பதற்கன்று. இரு வேளையும் உழைத்துச் சலித்து வரும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களால் மாற்ற இயலாத காரணங்களும் உண்டு. பள்ளியில் கணக்காசிரியர் இல்லையெனில் தாய் என் செய்வாள்? ஆனால் அங்கும் தலையெழுத்து இல்லை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் அமையும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும், உறுப்பினருள் பாதியினர் பெண்டிராயிருத்தல் வேண்டும் என்று அச்சட்டமே கூறுகின்றது. ஒருவர் குரல் கேளாதிடத்துப் பலர் கூடிச் சென்று கேட்பது நம் உரிமை.

ஆகவே அன்பர்களே, பௌர்ணமிதோறும் வந்தனை முடிந்த பின் சிறிது நேரம் பிள்ளையோடு அமருங்கள். எது விளங்கவில்லை, எது தடுக்கின்றது, அடுத்த பௌர்ணமிக்குள் வீட்டில் எதை மாற்றலாம் என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். மூன்றாம் வினாவிற்குப் பிள்ளை கூறும் விடை நம்மைச் சுட்டுவதாயினும் செவி கொடுங்கள். 'தலையெழுத்து' என்னும் சொல் நாவிற்கு வரும்போதெல்லாம், 'காரணம் யாது?' என்று அதனை மாற்றிக் கூறப் பழகுவோமாக.

அனைத்துயிரும் இன்புறுக!