ஊன்றிய கால்

விருத்தாசலத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மைதானமொன்றில் பையன்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ரயிலுக்கு நேரமிருந்தது, நின்று பார்த்தேன்.

வெளியூர்க் கட்சியில் ஒல்லியாக ஒரு பையன். பந்து கைக்கு வந்ததும் தட்டிக்கொண்டு புறப்பட்டான். உடனே விசில். 'டிராவலிங்' என்று நடுவர் கையைச் சுழற்றிக் காட்டினார். நின்றபடி பந்தைப் பிடித்தவன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலை எப்பக்கமும் வைக்கலாம். ஆனால் தட்டிப் புறப்படும்போது, பந்து கையை விட்ட பிறகே ஊன்றிய கால் தரையை விட வேண்டும். இவன் கால் ஓர் இமைப்பொழுது முந்திவிட்டது. தீர்ப்பு சரிதான்.

சற்றைக்கெல்லாம் உள்ளூரின் பேர்போன ஆட்டக்காரன் பந்தை வாங்கினான், பாய்ந்தான், கூடையில் போட்டான். ஒரே கைதட்டல். ஒல்லிப் பையன் நடுவரிடம் போய், "சார், அவரும் அப்படித்தானே சார் கால எடுத்தாரு?" என்றான்.

"நான் பாத்ததுக்குத்தான் தம்பி ஊத முடியும்."

பையன் கேட்ட பிறகுதான் எனக்கும் அந்தக் கால் ஞாபகம் வந்தது. ஆமாம், முந்தித்தான் எழும்பியது!

நடுவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சங்கடமே அதில்தான் இருக்கிறது. பேர் பெற்றவன் செய்தால் லாகவமாகத் தெரிவது, பேரில்லாதவன் செய்தால் பிசகாகத் தெரிகிறது. கண் முதலில் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் காலுக்கு இறங்குகிறது.

அப்படியானால் ஈவு இரக்கமில்லாமல் எல்லாவற்றுக்கும் ஊதிவிடலாமா? 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பதின்மூன்று விதிகள் எழுதினார். பந்தோடு ஓடக் கூடாது என்று சொன்ன அதே விதியில், வேகமாக ஓடும்போது பந்தைப் பிடித்தவன் நிற்க முயன்றால் அவனுக்குச் சலுகை காட்ட வேண்டும் என்றும் சேர்த்தார். 2017-இல் சர்வதேச சம்மேளனமும், ஓட்டத்தில் பந்தைக் கைப்பற்றும் கணத்தில் தரையிலிருக்கும் காலைக் கணக்கில் சேர்க்காமல், அதற்குமேல் இரண்டு அடி வைக்கலாம் என்று விதியை மாற்றியது. நேற்றைய குற்றம் இன்றைய உரிமை ஆகிவிட்டது. ஆகவே அடிக் கணக்கு சாசுவதமல்ல. இருவருக்கும் ஒரே கணக்கு என்பதுதான் சாசுவதம். சலுகை ஓடுகிற காலுக்கு உரியது. ஓடுகிறவனின் பேருக்கு அல்ல.

பீங்கான் வேலைக்குப் பேர்போன ஊர் அது. பீங்கான் கிண்ணத்தை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல். வனைந்தவன் யாரென்று காது விசாரிப்பதில்லை. நம் வீடுகளிலோ, அதே கிண்ணத்தை வேலைக்காரி உடைத்தால் அஜாக்கிரதை. மாப்பிள்ளை உடைத்தால் திருஷ்டி கழிந்தது!

ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. நியாயம் கிடைக்காதவர்கள் தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதி அங்கே பிராது கட்டுவார்கள். அந்தப் பையன் கட்டினால் என்னவென்று எழுதுவான்? தனக்கு ஊதியது தப்பென்று எழுத முடியாது. அவருக்கும் ஊதவில்லையே என்றுதான் எழுத வேண்டும். சரியான தீர்ப்பிலும் அநியாயம் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பிராதில் நடுவர் பேர் மட்டும் இருந்தால் போதாது. கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.